மூத்த வீரர்களை நீக்கியதால் வந்த பதக்கம் அல்ல

சேலம் அணித் தேர்வு பற்றிய பேச்சில் ஒருவர், "முப்பது தாண்டியவர்களை நீக்கிப் பையன்களை இறக்கியதால்தான் டோக்கியோவில் இந்தியாவுக்கு ஹாக்கிப் பதக்கம் கிடைத்தது. நம்ம மாவட்ட அணியிலும் அதையே செய்யணும்" என்று எழுதியிருக்கிறார். அது தவறு.

அந்த அணியின் 16 பேரில் 10 பேருக்கு அது முதல் ஒலிம்பிக் என்பது உண்மை. ஆனால் கோல் காத்த ஸ்ரீஜேஷுக்கு வயது 33, தற்காப்பில் நின்ற பீரேந்திர லாக்ராவுக்கு 31. வெண்கலப் போட்டியில் ஜெர்மனியை 5-4 என்று வென்றோம். கடைசி நொடிகளில் ஜெர்மனிக்குக் கிடைத்த பெனால்டி கார்னரை (கோலடிக்க நல்ல வாய்ப்பு தரும் தண்டனை அடி) தடுத்தது ஸ்ரீஜேஷ்தான். அவரையும் சேர்த்தா நீக்கச் சொல்கிறீர்கள்?

2022 ஆசியக் கோப்பைக்கு இளம் அணியை அனுப்பியபோதும் ஓய்வு பெற்றிருந்த லாக்ராவைத் திரும்ப அழைத்துக் கேப்டனாக்கினார்கள். ஓய்வு பெற்றிருந்த முன்கள வீரர் சுனிலும் திரும்பி வந்தார். அரியலூர்க்காரர் கார்த்தி செல்வம் அறிமுகப் போட்டியிலேயே பாகிஸ்தானுக்கு எதிராக கோல் அடித்தது அந்தத் தொடரில்தான் (இன்று நினைத்தாலும் பெருமையாக இருக்கிறது). வெண்கலமும் வந்தது.

சேலத்தில் பையன்களுக்கு இடம் கொடுக்கணும், சரி. ஆனால் கோல்கீப்பரையும் நடுத் தற்காப்பு வீரரையும் ஒரே சீசனில் மாற்றாதீர்கள். பின்னாலிருந்து குரல் கொடுத்து ஆட்களைச் சரியான இடத்தில் நிறுத்துவது அவர்கள்தான். முன்கள இடங்களில் முதலில் புதியவர்களை இறக்குங்கள்.