உயிர் காலேஜ் போனது சரி, பூங்கா எங்கே?

சென்னையின் பழைய மிருகக்காட்சி சாலையான உயிர் காலேஜை வண்டலூருக்குக் கொண்டுபோனது அநியாயம் என்று சூளை, பட்டாளம் பக்கத்துப் பெரியவர்கள் இன்னமும் சண்டைக்கு வருவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சென்ட்ரலுக்குப் பக்கத்தில், ரயில் சத்தத்திலும் புகையிலும் புலியை அடைத்து வைத்திருந்ததில் என்ன பெருமை?

1855-இல் எழும்பூர் மியூசியத்தில் இதை ஆரம்பித்தவர் அந்த மியூசியத்தின் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபோர். உயிருள்ள விலங்கு இருந்தால் கூட்டம் தானாக வரும் என்று தெரிந்துகொண்ட மனுஷன், ஆற்காடு நவாபிடம் பேசி அவர் வளர்த்தவற்றையும் வாங்கிச் சேர்த்தார். 1861-இல் சென்ட்ரல் பக்கத்துப் பூங்காவான பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாற்றினார்கள். மியூசியம் செத்த காலேஜ், இது உயிர் காலேஜ் என்று ஆனது.

இதில் யாரும் பேசாத கதை ஒன்று உண்டு. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பாதி ஊர் காலியாகிக் கிடந்தது. கூண்டு உடைந்து வெளியே வந்துவிட்டால் என்ன செய்வது என்று சிங்கம், புலி, சிறுத்தை, கரடி என எல்லாவற்றையும் போலீஸை வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். குண்டு என்னவோ 1943 அக்டோபரில்தான் விழுந்தது. வந்ததும் ஒரே ஒரு விமானம்.

என் கோபம் அந்த பீப்பிள்ஸ் பார்க் பூங்காவைப் பற்றியது. கவர்னர் ட்ரெவிலியன் காலத்தில், பிளாக் டவுன் (இப்போதைய ஜார்ஜ் டவுன்) நெரிசலில் கிடந்த ஜனங்கள் கொஞ்சம் காற்று வாங்கட்டும் என்று அமைத்தது, 116 ஏக்கர். அதில்தான் விக்டோரியா ஹால் வந்தது, 1900-இல் மூர் மார்க்கெட், 1913-இல் ரிப்பன் மாளிகை, அப்புறம் ஸ்டேடியம். எல்லாம் அழகுதான், ரிப்பன் மாளிகை முன்னால் நானும் செல்ஃபி எடுத்திருக்கிறேன். ஆனால் ஒவ்வொன்றும் நம் பூங்காவைத் தின்றுதான் எழுந்தது.

1985 மே 30-இல் மூர் மார்க்கெட் எரிந்தது. ஜூலையில் வண்டலூர் மிருகக்காட்சி சாலை திறந்தாயிற்று. கடைக்காரர்கள் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள் (குளத்தை மட்டும் கேட்காதீர்கள்). மார்க்கெட் இருந்த இடத்தில் இப்போது புறநகர் ரயிலுக்கு டிக்கெட் வாங்க வரிசையில் நிற்கிறோம்.

மிருகங்களுக்கு ஆயிரம் ஏக்கருக்கு மேல் கிடைத்தது, சந்தோஷம். புளியந்தோப்புப் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது? வண்டலூர் போய் வருவதென்றால் அப்பாவுக்கு ஒரு நாள் கூலி போச்சு.

பீப்பிள்ஸ் பார்க்கில் மிச்சம் இருப்பது மை லேடிஸ் பூங்கா. அதிலாவது இன்னொரு கட்டடம் எழுப்பாமல் இருங்கள். உயிர் காலேஜ் இந்தப் பக்கத்தில்தான் இருந்தது என்று தமிழில் ஒரு பலகை வையுங்கள். அதில் 1942-ஐயும் எழுதுங்கள்.