எடைப்பிரிவு எதற்கு, தூக்கிக் கடாசுங்கள்!

குத்துச்சண்டைப் போஸ்டரில் இரண்டு வீரர்களையும் ஒரே உயரத்துக்கு வெட்டி ஒட்டி, நெற்றியோடு நெற்றி முட்டுகிற மாதிரி போட்டுவிடுவார்கள். யார் என்று பார்த்தால் ஒருவர் இரண்டு எடைப்பிரிவு கீழே இருந்து ஏறி வந்தவர். இதற்குப் பெயர் சூப்பர் ஃபைட்டாம்.

ஒரு காலத்தில் எட்டே எட்டு பிரிவுதான் இருந்தது. அதை 17 ஆக நறுக்கி, ஒவ்வொன்றுக்கும் நாலு அமைப்பு நாலு சாம்பியன் பெல்ட் என்று வைத்து (அந்த நாலில் ஒன்றான டபிள்யூபிசிக்கு அதுவும் போதாமல் 2020இல் பிரிட்ஜர்வெயிட் என்று இன்னொன்று), இத்தனையும் செய்துவிட்டு ஒரே எடையில் இருக்கிற இரண்டு பேரைக் கோர்த்துவிட மட்டும் இவர்களுக்குத் துப்பில்லை.

கனெலோ அல்வாரெஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023இல் 168 பவுண்டு பிரிவின் நாலு பெல்ட்டும் அவர் இடுப்பில்தான் இருந்தன. அதே 168இல் டேவிட் பெனவிடெஸ் இடைக்காலப் பட்டத்தை வைத்துக்கொண்டு வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கனெலோ யாரோடு மோதினார்? அந்த செப்டம்பரில், 154 பவுண்டு பிரிவில் இருந்த ஜெர்மெல் சார்லோவோடு! கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. அன்று சார்லோ 12 சுற்றும் விழுந்து தொலையாமல் இருந்தால் போதும் என்கிற மாதிரிதான் ஆடினார், ஏழாவதில் ஒருமுறை முட்டி போட்டும் ஆயிற்று. பெனவிடெஸ் அடுத்த வருஷமே 175க்குப் போய்விட்டார். வேறென்ன செய்வார்?

கனெலோவுக்கு இது புதுசும் இல்லை. 2016 மே மாதம் 147இல் இருந்து ஏறி வந்த அமீர் கானை ஆறாவது சுற்றில் ஒரே வலதுகைக் குத்தில் மல்லாக்கப் போட்டார். போட்டவரே பதறிப்போய்ப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தார் பாருங்கள், அதைப் பார்த்தால் யாருக்காவது பெருமையாக இருக்குமா? அன்றைக்கே 160 பவுண்டு சாம்பியன் கோலோவ்கினை ரிங்குக்குள் கூப்பிட்டு வீர வசனம் வேறு. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, கையில் இருந்த டபிள்யூபிசி பட்டத்தையே கீழே வைத்துவிட்டார். கோலோவ்கினோடு சண்டை 2017 செப்டம்பரில்தான் நடந்தது. சரி, கோலோவ்கினாவது யோக்கியமா? இடைப்பட்ட நேரத்தில் அவரும் 147 சாம்பியன் கெல் புரூக்கை 160க்கு ஏற்றி, கண்குழி எலும்பை உடைத்து அனுப்பினார். ஐந்தாவது சுற்றில் போதும், தோற்றுவிட்டோம் என்று புரூக்கின் மூலையில் இருந்து துண்டு பறந்து வந்தது.

இன்னொரு கூத்து, ஒப்பந்தத்தில் எழுதுகிற எடை விதிகள். 2025 ஏப்ரலில் கானர் பென் கீழ்ப் பிரிவிலிருந்து வருகிறார் என்பதற்காக, பெரிய ஆளான யூபேங்க் ஜூனியர் முந்தின நாள் 160ஐத் தாண்டக்கூடாது, சண்டை அன்று காலை 170ஐத் தாண்டக்கூடாது என்று கட்டிப்போட்டார்கள். அவர் தராசில் ஏறினால் 160.05. அந்த 0.05 பவுண்டு எவ்வளவு தெரியுமா, 23 கிராம்கூட இல்லை, ஒரு மடக்குத் தண்ணீர். அதற்கு அபராதம் 5 லட்சம் டாலர்! உடம்பைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு 12 சுற்று அடி வாங்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்? அவர் ஜெயித்தார், ஜெயித்த கையோடு ஆஸ்பத்திரிக்கும் போனார்.

உடனே ஒருத்தர் வருவார், "டெரன்ஸ் கிராஃபோர்ட் கீழ்ப் பிரிவிலிருந்து ஏறிப் போய்க் கனெலோவையே ஜெயிக்கவில்லையா?" என்று. ஜெயித்தார் ஐயா, 2025 செப்டம்பரில், 37 வயதில், ஒருமனதான தீர்ப்பு. நானும்தான் நாற்காலியை விட்டு எழுந்து கத்தினேன். அவர் மாதிரி ஆள் ஆடிக்கொன்று அமாவாசைக்கொன்றுதான் வருவார், அவரைக் காட்டி மற்றவனையெல்லாம் ஏற்றிவிடாதீர்கள். அதே கிராஃபோர்டுக்கு 147இல் நடந்ததை ஏன் மறந்துவிடுகிறீர்கள்? 2018இலேயே அவர் கையில் ஒரு பெல்ட், எரால் ஸ்பென்ஸ் கையில் இன்னொன்று. எடையும் ஒன்று, இருவரும் தோற்காதவர்கள், ஆனால் சண்டை ஏற்பாடு செய்கிறவர்கள் ஆளுக்கொரு முகாம். பேசினார்கள், பேசினார்கள், 2023 ஜூலை வரைக்கும் பேசினார்கள். ஐந்து வருஷம் நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்த எங்களுக்குக் கடைசியில் கிடைத்தது ஒன்பது சுற்று, அதுவும் முழுதாக இல்லை.