ஐந்து அல்ல, ஆறு

சனிக்கிழமை வினாடி வினா விவகாரத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் இரண்டு நாளாக இருந்தேன். முடியவில்லை. லித்தியம், சோடியம், பொட்டாசியம் போன்ற கார உலோகங்கள் இயற்கையில் எத்தனை என்ற கேள்விக்கு, ஆறு என்று போட்டியில் அந்தப் பெண் சொன்னது சரி. "ஐந்துதான், பிரான்சியம் ஆய்வகத்தில் செய்தது" என்று நடுவர் அடித்துச் சொன்னது தவறு. பிரான்சியம் இயற்கையில் இருக்கிறது. மிக அரிதாக இருக்கிறது, ஆனால் இருக்கிறது.

யுரேனியம் 235 படிப்படியாகச் சிதைந்து ஆக்டினியம் 227 ஆகிறது. அதில் நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல் பிரான்சியம் 223 ஆக மாறுகிறது. அதன் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி சிதைந்துபோகும் நேரம், 22 நிமிடம். ஓட்டைக் குடத்தைக் குழாயடியில் வைத்தது போலத்தான்: நிறையாது, வற்றவும் வற்றாது. பூமியின் மேலோடு முழுக்கத் தேடினாலும் ஒரு நேரத்தில் 20, 30 கிராம்தான் இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மூன்று பவுன், மிஞ்சினால் நான்கு பவுன். குறைவு என்பதற்காக இல்லை என்று எழுதிவிடலாமா?

"ஆராய்ச்சிக்குச் செயற்கையாகத்தானே தயாரிக்கிறார்கள்?" என்பீர்கள். ஆம், தங்கத்தின் மீது ஆக்சிஜன் அணுக்கருக்களை மோதவிட்டுத் தயாரிக்கிறார்கள். அதனால் மண்ணில் இருப்பது மறைந்துவிடுமா?

முதலில் கண்டதே இயற்கையில்தான். 1939 ஜனவரி, பாரிஸ் ரேடியம் நிலையம். மார்கரீத் பெரே ஆக்டினியத்தைச் சுத்தமாகப் பிரித்தெடுத்த கையோடு கதிர்வீச்சை அளந்தார். தாமதித்திருந்தால் மற்றச் சிதைவுப் பொருள்கள் சேர்ந்து பிரான்சியத்தின் கதிர்வீச்சை மறைத்திருக்கும். அந்தக் கைவேகம் ஏட்டில் வராது. 19 வயதில் மேரி கியூரியிடம் உதவியாளராகச் சேர்ந்தவர் அவர். 87ஆம் தனிமமான பிரான்சியத்தைக் கண்டபோது அவரிடம் பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. முனைவர் பட்டம் 1946இல்தான் வந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், "நடுவரிடம் தனியாகச் சொல்லியிருக்கலாமே" என்று நேற்றிலிருந்து பலர் கேட்கிறார்கள். தனியாகத்தான் சொன்னேன். தேநீர் இடைவேளையில் புத்தகத்தைப் பிரித்து, பக்கத்தைக் காட்டினேன். அவர் பக்கத்தைப் பார்க்கவில்லை. சில்வர் நைட்ரேட் பட்டுக் கறுத்திருந்த என் விரல்களைப் பார்த்தார். "லேப் அசிஸ்டென்ட்டும் பாடம் நடத்த வந்துவிட்டாரா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். 19 வருடம் இந்த ஆய்வகத்தில் கரைசல் கலக்கித் தருகிறேன். ஒரு நாளும் செறிவு தவறியதில்லை.

ஒரு மதிப்பெண்ணுக்கா இத்தனை ஆத்திரம் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. அந்த ஒரு மதிப்பெண்ணில் தோற்றவர்களிடம் கேளுங்கள்.

இன்று செய்முறை வகுப்பு முடிந்து அந்தப் பெண் ப்யூரெட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், "அண்ணா, நான் சொன்னது தப்பா?" என்றாள். சரிதான் என்றேன். "அப்படியென்றால் அங்கே யாருமே சொல்லவில்லையே" என்றாள்.

நான் மேடையேறிச் சொல்லியிருக்க வேண்டும். அன்று சொல்லாததை இங்கே சொல்கிறேன்: விடை ஆறு. அந்த அணியின் மதிப்பெண்ணைத் திருத்துங்கள்.