பாஸ்தாவுக்குக் கெட்சப் ஊற்றுகிறவர்களுக்கு

முதலில் ஒப்புக்கொண்டு விடுகிறேன். மூன்று வருடம் நானும் ஊற்றியவன்தான். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சமையல் எங்கள் வீட்டில் என் பொறுப்பு. மகள் பாஸ்தா கேட்பாள். வேகவைத்து, வெங்காயமும் குடைமிளகாயும் வதக்கி, மேலே பாட்டிலைக் கவிழ்த்தால் பதினைந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அவளும் தட்டை வழித்துச் சாப்பிடுவாள். சாப்பிடாமல் என்ன செய்வாள், பாதி மிட்டாய்தானே அது.

மிட்டாய் என்று எனக்கு உறைத்தது அத்தை ஊருக்கு வந்திருந்தபோது. புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: மாமா ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். குடும்பம் பாரிஸுக்கு வெளியே இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முத்தியால்பேட்டை வீட்டில் வந்து ஒரு மாதம் தங்குவார்கள். அத்தை அடுப்படிக்குள் வந்து பாட்டிலைக் கையில் எடுத்தார். "ஏன்டா, புள்ளைக்கு இதையா ஊத்தற?" என்று கேட்டுவிட்டு, லேபிளை என் பக்கம் திருப்பி மேடையில் வைத்தார். திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

லேபிளை அன்றைக்குத்தான் முதல்முறை படித்தேன். பொட்டலத்தில் எது எடையில் அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. தண்ணீர், தக்காளி பேஸ்ட், அடுத்து சர்க்கரை. பிறகு உப்பு, அசிடிட்டி ரெகுலேட்டர், கெட்டிப்படுத்த மாவுச்சத்து, 211 என்ற எண்ணில் சோடியம் பென்சோயேட். இந்த எண்களைப் பார்த்துப் பயப்படுகிற ஆள் இல்லை நான். அவையெல்லாம் அனுமதிக்கப்பட்ட அளவில் இருப்பவை. என் பிரச்சினை சர்க்கரை. 100 கிராமில் கால் பங்குக்குக் குறையவில்லை. மகளுடைய ஒரு தட்டு பாஸ்தாவுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றியது 60 கிராமாவது இருக்கும். அப்படியென்றால் 15 கிராம் சர்க்கரை. வெளியிலிருந்து சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதுவும் பெரியவர்களுக்கு. மகளுக்கு வயது பதினொன்று.

கெட்சப்பை வீட்டை விட்டுத் துரத்தச் சொல்லவில்லை. சமோசாவுக்கு ஓரமாக ஒரு கரண்டி தொட்டுக்கொள்ளுங்கள். அது தொட்டுக்கொள்ளும் பொருள், குழம்பு இல்லை. நாம் அதைக் குழம்பாக ஊற்றுகிறோம்.

சரி, சாஸுக்கு வருகிறேன். அத்தை அதைக் 'குலி' என்பார். மறுநாள் சாயங்காலம் என்னைப் பெரிய மார்க்கெட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் ஏன் என்றால், அப்போதுதான் கனிந்த தக்காளியைக் கூறு கட்டிப் போடுவார்கள். குழம்புக்குக் கெட்டியான பழம் பொறுக்கிப் பழகிய நமக்கு இது தலைகீழ். சாஸுக்கு, நாளைக்கு விட்டால் அழுகிவிடும் என்ற நிலையில் இருக்கும் பழம்தான் வேண்டும். உள்ளே அழுகலோ பூஞ்சையோ இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

எந்தத் தக்காளி என்பதில் எனக்கும் அத்தைக்கும் சண்டையே வந்தது. இத்தாலிக்காரர்கள் சாஸுக்குத் தேடும் சான் மர்சானோ நீளமாக, சதைப்பற்றாக, விதை குறைவாக இருக்கும். அந்தச் சாயலில் நம்மிடம் இருப்பது பெங்களூர் தக்காளி. அதனால் அத்தை பெங்களூர் தக்காளி கட்சி. அதில் சதை இருக்கிறது, ஆனால் புளிப்பும் ருசியும் எங்கே என்பது என் கேள்வி. நாட்டுத் தக்காளியில் விதையைச் சுற்றி இருக்கும் அந்த வழவழப்பான கூழில்தான் ருசி கூட்டும் குளுட்டமேட் அதிகம். விதையை வழித்துக் குப்பையில் போடச் சொல்லும் சமையல் வீடியோக்களை நான் நம்புவதில்லை. கடைசியில் பாதிக்குப் பாதி வாங்கினோம். இன்றுவரை அதுதான் கணக்கு.

1 கிலோ தக்காளி எடுத்தால் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகச் சாஸ் வரும். நாலு பேருக்குப் போதும். தோலுரிக்க வெந்நீரில் போட்டு எடுப்பது வழக்கம். எனக்கு அதில் பொறுமையில்லை. பழத்தைப் பாதியாக வெட்டி, வெட்டிய பக்கத்தைக் காரட் துருவியில் தேய்த்தால் சதை பாத்திரத்தில் விழும், தோல் உள்ளங்கையில் தங்கிவிடும். மிக்சியில் பச்சையாக அடிக்காதீர்கள். காற்று புகுந்து நுரைத்து, சிவப்பு போய் ஒரு மாதிரி வெளிறிய ஆரஞ்சு நிறம் வந்துவிடும்.

பெரிய வெங்காயம் ஒன்று, பொடியாக நறுக்கியது. பூண்டு ஆறு பல். காரட் சின்னதாக ஒன்று, துருவியது. சர்க்கரை போடாமல் புளிப்பைத் தணிக்கத்தான் காரட். எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி. வெங்காயத்தைச் சின்னத் தீயில் உப்பு போட்டு, பொன்னிறமாக விடாமல், கண்ணாடி போல ஆகும்வரை வதக்க வேண்டும். பத்து நிமிடம் பிடிக்கும். நம் கை சும்மா இருக்காது, தீயைக் கூட்டச் சொல்லும். கூட்டாதீர்கள். இந்தப் பத்து நிமிடத்தில் வெங்காயத்திலிருந்து வரும் இனிப்புக்குத்தான் பாட்டில் கம்பெனி சர்க்கரையைக் கொட்டுகிறது. பூண்டு கடைசியில் போட்டால் போதும். கருகினால் மொத்தமும் கசக்கும். அதற்கு மருந்து கிடையாது, வேறு வெங்காயம் நறுக்குங்கள்.

பிறகு தக்காளி, காரட், கொஞ்சம் உப்பு. மூடி போடாமல் சின்னத் தீயில் நாற்பது நிமிடம். குக்கரில் நாலு விசில் விட்டால் ஆகாதா என்று மனைவி கேட்டார். தக்காளி வேகும், ஆனால் தண்ணீர் எங்கே போகும்? வேகவைப்பதற்கு இல்லை இந்த நாற்பது நிமிடம், தண்ணீரை விரட்டுவதற்கு. ஓரத்தில் எண்ணெய் பிரிந்து, கரண்டியால் கோடு இழுத்தால் ஒரு நொடி நின்று மூடினால் பதம்.

அந்த இடத்தில்தான் அம்மா எட்டிப் பார்த்து, "தொக்குக்கு மிளகாத்தூள் போட மறந்துட்டியா?" என்றார். நியாயமான சந்தேகம். கடுகும் பெருங்காயமும் மிளகாய்த் தூளும் போட்டு, நல்லெண்ணெயில் இன்னும் கால் மணி நேரம் சுருள விட்டால் அது தொக்குதான். இத்தாலிய சமையல் என்று நாம் மிரள்வதில் பாதி வீண். 1690-களில் நேப்பிள்ஸில் அந்தோனியோ லத்தீனி என்பவர் அச்சிட்ட தக்காளி சாஸ் குறிப்பு ஒன்று இருக்கிறது. இத்தாலியில் அச்சான தக்காளி சாஸ் குறிப்புகளில் ஆகப் பழையது என்று அதைத்தான் சொல்வார்கள். தக்காளியைத் தணலில் சுட்டு, தோலுரித்து, வெங்காயமும் மிளகாயும் தைம் இலையும் பொடியாக நறுக்கிக் கலந்து, உப்பு, எண்ணெய், வினிகர். பாஸ்தா பற்றிப் பேச்சே இல்லை. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "சுட்ட தக்காளி சட்னி" என்று சொல்லிவிட்டு சீரியலுக்குத் திரும்பிவிட்டார்.

பாத்திரம் பற்றி ஒரு வார்த்தை. மண்சட்டி அல்லது அடி கனமான எவர்சில்வர். இரும்புச்சத்து சேரட்டுமே என்று ஒரு தடவை இரும்புச் சட்டியில் வைத்தேன். சாஸ் கறுத்து, சாவியை நக்கியது போல ஒரு ருசி வந்தது. புளிப்பை நாற்பது நிமிடம் இரும்பில் கொதிக்க விட்டால் வேறென்ன வரும். அலுமினியமும் வேண்டாம்.

எண்ணெய்க்கு வருகிறேன், இதில்தான் எனக்குக் கோபம். ஆலிவ் எண்ணெய் இல்லாமல் 'ஹெல்தி' இல்லை என்று யாரோ நம் தலையில் கட்டிவிட்டார்கள். தக்காளியின் சிவப்புக்குக் காரணமான லைகோபீன், சூட்டில் செல்சுவர் உடைந்து, கொழுப்பில் கரையும்போதுதான் உடம்பில் நன்றாகச் சேரும். அதனால் இந்த ஒரு விஷயத்தில் பச்சைத் தக்காளி சாலட்டைவிட வெந்த சாஸ் மேல். வைட்டமின் சி குறையும் என்பதும் உண்மை, அதற்குக் கொய்யா சாப்பிடுங்கள். லைகோபீனுக்கு எண்ணெய் வேண்டும், அது எந்த ஊர் எண்ணெய் என்று கேட்காது. நான் செக்குக் கடலை எண்ணெய் ஊற்றுகிறேன். ஆலிவ் எண்ணெயின் மணம் பிடித்தால், கையில் காசும் இருந்தால், இறக்கியபின் ஒரு கரண்டி ஊற்றுங்கள். ருசிக்காக என்று சொல்லி ஊற்றுங்கள்.

பேசில் இலைக்கு என்ன செய்வது? முதல் தடவை வீட்டுத் துளசியைக் கிள்ளிப் போட்டேன். பாஸ்தா பெருமாள் கோயில் தீர்த்தம் மாதிரி மணந்தது. அப்புறம்தான் தெரிந்தது, பூக்காரம்மா கூடையில் இருக்கும் திருநீற்றுப் பச்சிலை, அதாவது சப்ஜா விதை வருகிற செடி, இத்தாலிய பேசிலின் அதே இனம். மணம் கொஞ்சம் தூக்கல். அடுப்பை அணைத்தபின் நாலைந்து இலையைக் கிள்ளிப் போட்டால் போதும். ஓரிகானோ பொட்டலத்துக்குப் பதில் கற்பூரவல்லி ஒரே ஒரு இலை. இரண்டுக்கும் மணம் கொடுக்கிற சங்கதி ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு இலை போட்டால் இருமல் கஷாயம்.

சீஸுக்குப் பதில் முந்திரி. அம்மாவுக்குப் பண்ருட்டிப் பக்கம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலில் அவர்கள் தோப்பில் பாதிக்குமேல் சாய்ந்துவிட்டது. மிச்சமிருக்கும் மரங்களில் இருந்து இன்னும் எங்களுக்கு உடைசல் முந்திரி வருகிறது. ஒரு கைப்பிடி வறுத்து, ஒரு பல் பூண்டும் உப்பும் சேர்த்துப் பொடித்து, தட்டின் மேல் ஒரு கரண்டி தூவுவேன். ஆரோவில் சீஸ் கிடைக்கிற ஊரில் இருந்துகொண்டு இப்படிச் செய்கிறானே என்பவர்களுக்கு: அதுவும் வாங்குவோம், சம்பளம் வந்த வாரத்தில்.

ஒயிட் டவுனில் ஒரு உணவகத்தில் தக்காளி பாஸ்தா 380 ரூபாய். வாயில் வைத்ததும் மகள் என்னைப் பார்த்தாள். "அப்பா, இது நம்ம பழைய பாஸ்தா." பிரெஞ்சு பெயரில் கடை, இத்தாலியின் பெயரில் சாப்பாடு, உள்ளே கெட்சப். வாசலில் மஞ்சள் சுவர், போகன்வில்லா. படம் எடுக்கக் கூட்டம் வேறு.

எல்லாம் சரி, நேரத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயம். போன வாரம் அத்தையிடம் போனில் பேசினேன். "நீங்க அங்க வாரம் வாரம் குலி செய்வீங்களா அத்தை?" சிரித்தார். "யாருக்குடா நேரம், கடையில பாட்டில்ல வாங்கறேன். ஆனா சர்க்கரை போடாததைப் பார்த்து வாங்குவேன்." எனக்கு அத்தைமேல் மரியாதை கூடியது. இங்கேயும் தக்காளி மட்டும் இருக்கிற கூழ் பாட்டிலிலும் டப்பாவிலும் கிடைக்கிறது. லேபிளில் இரண்டு மூன்று பொருளோடு முடிந்தால் தாராளமாக வாங்குங்கள். 2023 ஜூலை மாதிரி கிலோ நூறைத் தாண்டும் நாட்களில் அதுதான் மலிவு. விலை இறங்கும்போது நான் 3 கிலோவாக வைத்து ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்துவிடுகிறேன். பிரிட்ஜில் என்றால் நாலு நாள். ஊறுகாய் மாதிரி மேலே எண்ணெய் ஊற்றி அலமாரியில் வைக்க மட்டும் முயற்சி செய்யாதீர்கள். இதில் ஊறுகாயின் உப்பும் இல்லை, புளிப்பும் இல்லை.

பாஸ்தா பற்றியும் இரண்டு வரி. பொட்டலத்தில் சூஜி, அதாவது ரவை, என்று இருக்க வேண்டும், மைதா என்று இருந்தால் வைத்துவிடுங்கள். குழைய விடாமல் நடுவில் கொஞ்சம் கடிபடும்படி எடுத்தால் சர்க்கரை மெதுவாக ஏறும். அம்மாவுக்குச் சுகர் இருப்பதால் இது எங்கள் வீட்டில் சட்டம். வெந்த தண்ணீரில் ஒரு கரண்டியைச் சாஸில் ஊற்றுங்கள், அதிலுள்ள கஞ்சிதான் இரண்டையும் ஒட்ட வைக்கும்.

அம்மாவின் தட்டில் பாஸ்தா அரைக் கை, சாஸ் ஒரு கை, வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கை. போன ஞாயிறு அப்படியும் கொஞ்சம் சாஸ் மிஞ்சியது. செவ்வாய்க்கிழமை மகளின் டிபனுக்கு ஆகும் என்று டப்பாவில் போட்டு பிரிட்ஜில் வைத்தேன். திங்கள் காலை டப்பா கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. தோசைக்கு நன்றாக இருந்ததாம், காரம்தான் கொஞ்சம் போதவில்லையாம்.