அந்த மக்களைக் கேட்டார்களா?
பழங்குடியின் பெயரை விளையாட்டு அணிக்கு வைப்பது மரியாதைதான், பல்கலைக்கழகங்கள் மாற்றத் தேவையில்லை என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அந்த மக்களைக் கேட்டார்களா என்ற கேள்வியே அதில் இல்லை. அமெரிக்காவின் புளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழக அணி இன்றும் ‘செமினோல்ஸ்’தான், காரணம் புளோரிடா செமினோல் பழங்குடியே 2005இல் ஒப்புதல் தந்தது. வடக்கு டகோட்டா பல்கலைக்கழகத்தின் ‘ஃபைட்டிங் சூ’ அணியின் கதை வேறு. சூ என்பதும் பழங்குடிப் பெயர்தான். சூ மக்களில் ஒரு பிரிவான ஸ்பிரிட் லேக் மக்கள் 2009இல் பெயர் இருக்கட்டும் என்று வாக்களித்தார்கள், இன்னொரு பிரிவான ஸ்டாண்டிங் ராக் சம்மதிக்கவில்லை. 2012இல் மாநிலமே வாக்களித்து அதைக் கைவிட, 2015இல் ‘ஃபைட்டிங் ஹாக்ஸ்’ ஆனது. எனக்கு இது தூரத்துக் கதை இல்லை. நீலகிரியில் நான் படித்த கல்லூரியில் கால்பந்து அணிக்குத் தோடர் பெயர். பனியனில் எருமைக் கொம்பு. ஆட்டத்துக்கு முன்னால் தோடர்கள் போர்த்தும் பூவேலைப் போர்வையான பூத்துக்குளி மாதிரி ஒன்றைச் சுற்றிக்கொண்டு ஒருவன் குதிப்பான், நாங்களும் விசில் அடிப்போம். எங்கள் வகுப்பிலிருந்த ஒரே தோடர் பையன் மட்டும் எந்த ஆட்டத்துக்கும் வரமாட்டான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, நானும்தான். உதகமண்டலம் என்று மாற்றியும் ஊட்டி என்றுதானே சொல்கிறோம், பெயரை மாற்றி என்ன பயன் என்று அந்தக் கட்டுரையின் பின்னூட்டத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார். சரி, ஆனால் ஊட்டி மாதிரி வேஷம் கட்டிக்கொண்டு யாரும் மைதானத்தில் குதிப்பதில்லையே.