99.650-ஐ மட்டும் வைத்து டிரம் கோர் வரலாற்றை எழுதாதீர்கள்

சனிக்கிழமை வினாடி வினாவில் என்ன நடந்தது என்று வந்திருந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்களுக்கும் இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். ஒரு பாயின்ட் கிடைக்காத கோபத்தில் நான் பாதியில் எழுந்து போய்விட்டேன் என்று பேச்சு. எழுந்து போனது உண்மை. காரணம் பாயின்ட் இல்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

டிரம் கோர் என்றால் ஊதுகருவி, டிரம், கொடி என்று மைதானத்தில் அணிவகுத்து நடந்துகொண்டே வாசிக்கும் அமெரிக்க இளைஞர் குழு. கேள்வி: "டிரம் கோர் வரலாற்றிலேயே மிகச் சிறந்த குழு எது?" நாங்கள் வாய் திறப்பதற்குள் விடையும் திரையில் வந்துவிட்டது. 2014 புளூ டெவில்ஸ், 100-க்கு 99.650. ஏன்? "அதுதான் ரெக்கார்டு, அதற்கு மேல் என்ன வேண்டும்?" என்றார் வினாடி வினா நடத்தியவர். அடுத்த ஸ்லைடில் பாஸ்டன் க்ரூசேடர்ஸ். "85 வருடம் கழித்து ஜெயித்தவர்கள்" என்று எழுதி, பக்கத்தில் ஓர் ஆமைப் படம். எல்லோரும் சிரித்தார்கள். மார்ச்சிங் பேண்டில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

முதலில் 99.650. இந்தக் குழுக்களுக்கான சாம்பியன்ஷிப்பை நடத்தும் டிரம் கோர்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பின் இறுதிப் போட்டியில் இதுவரை யாரும் எடுத்ததில் அதுதான் மிக அதிகம். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் மிக அதிக ஸ்கோர் என்பது வேறு, மிகச் சிறந்த குழு என்பது வேறு. இதைத்தான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

1972-ல் விஸ்கான்சினில் உள்ள வைட்வாட்டரில் முதல் சாம்பியன்ஷிப் நடந்தது. அனஹைம் கிங்ஸ்மென் ஜெயித்தார்கள். அவர்கள் ஸ்கோர் 90-ஐக் கூடத் தொடவில்லை. அப்படியானால் அவர்கள் மோசமான குழுவா? அன்று டிக் முறை இருந்தது. நடுவர்கள் கையில் அட்டையோடு மைதானத்துக்குள்ளேயே இறங்கி, வாசிக்கிற பிள்ளைகளின் பக்கத்தில் நடந்துகொண்டே தப்புகளை எண்ணுவார்கள். ஒரு குச்சி முன்னே பின்னே விழுந்தால் ஒரு டிக். கால் வரிசை பிசகினால் ஒரு டிக். ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு புள்ளியில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். 1984-ல் அந்த முறையை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு, தப்பை எண்ணிக் கழிப்பதற்குப் பதிலாகச் சாதித்ததைப் பார்த்து மார்க் ஏற்றுகிறார்கள். அடிப்படைக் கணக்கே மாறிப்போன இரண்டு காலங்களின் ஸ்கோரை ஒரே பட்டியலில் போடுவது, டி20 ஸ்ட்ரைக் ரேட்டை வைத்துக் கவாஸ்கரை அளக்கிற மாதிரி.

கணக்கு மட்டுமா மாறியது? எழுபதுகளில் டிம்பனி என்ற பெரிய கிண்ண டிரம்மைக் கழுத்திலிருந்து மாட்டித் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். இன்று அது முன்வரிசையில் சக்கர ஸ்டாண்டில் நிற்கிறது. மூன்று வால்வு வைத்த ஊதுகருவிக்கு 1990-ல்தான் அனுமதி. 'ஜி' சுருதி பியூகிளைத் தவிர வேறு சுருதிக் கருவிகள் வந்தது 2000-ல். மைக்கும் ஸ்பீக்கரும் 2004-ல். எழுபதுகளில் ஒரு குழுவுக்கு உச்சவரம்பு 128 பேர். 2014-ல் 150 பேர். இவ்வளவையும் அழித்துவிட்டு ஒரு எண்ணை மட்டும் திரையில் போடுவதற்குப் பெயர் வரலாறு இல்லை.

"உனக்குப் புளூ டெவில்ஸ் மேல் பொறாமை" என்று ஒரு நண்பர் சொன்னார். இல்லவே இல்லை. 1976-லிருந்து 2023 வரை 21 பட்டங்கள், அதில் இரண்டு பகிர்ந்துகொண்டவை. அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. 1975-லிருந்து ஐந்தாம் இடத்துக்குக் கீழே அவர்கள் இறங்கியதே இல்லை. டிக் முறை போனது, கருவி மாறியது, நடுவர்களின் ரசனை மாறியது, அவர்கள் மட்டும் இறங்கவில்லை. என்னிடம் கேட்டால் அந்தக் கான்கார்டு ஊர்க் குழுவின் உண்மையான சாதனை அதுதான். அந்தக் குழுவை நேசிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு வினாடி வினா நடத்தியவர் அதைச் சொல்லாமல் 99.650-ஐப் பிடித்துத் தொங்குகிறார்.

"எந்த விளையாட்டிலும்தான் விதிகள் மாறும், அதற்காக ரெக்கார்டே வைக்கக் கூடாதா?" என்றும் கேட்டார்கள். தாராளமாக வையுங்கள். "மிக அதிக ஸ்கோர் யாருடையது?" என்று கேளுங்கள். "மிகச் சிறந்தது எது?" என்று கேட்காதீர்கள். அவ்வளவுதான். இதற்கு மேல் அந்தக் கேள்விக்கு மரியாதை கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

ஸ்கோரைப் பற்றித்தான் பேச வேண்டும் என்றால் 2008-ஐப் பேசுங்களேன். ராக்ஃபோர்டின் ஃபேன்டம் ரெஜிமென்ட் 98.125, புளூ டெவில்ஸ் 98.100. வித்தியாசம் 0.025. பழைய முறையில் ஒரு டிக்கில் கால்வாசி. அதே ரெஜிமென்ட்தான் 1977, 78, 79 என்று வரிசையாக மூன்று வருடம் இரண்டாம் இடத்தில் நின்றது. 1996-ல் ஜெயித்தபோதும் பட்டத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. தனியாக ஒரு பட்டம் கிடைத்தது அந்த 0.025-ல்தான். 'ஸ்பார்ட்டகஸ்' நிகழ்ச்சியின் உச்சத்தில் பிள்ளைகள் ஆளாளுக்கு "நான்தான் ஸ்பார்ட்டகஸ்" என்று கத்துகிற இடத்தை ஒரு தடவையாவது பார்த்தவர்கள் 98.125 என்ன பெரிய ஸ்கோரா என்று கேட்க மாட்டார்கள்.

இனி அந்த ஆமைக்கு வருகிறேன்.

பாஸ்டன் க்ரூசேடர்ஸ் 1940-ல் தொடங்கிய குழு. 1999-ல்தான் முதல் தடவையாக இறுதிப் போட்டியின் பன்னிரண்டு இடங்களுக்குள் வந்தார்கள். முதல் பட்டம் 2025-ல். கூட்டிக் கழித்தால் 85 வருடம் சரிதான். ஆனால் யார் காத்திருந்தது? இதில் 22 வயதோடு எல்லாம் முடிந்துவிடும். ஏஜ்-அவுட். அதற்கு மேல் எவ்வளவு பெரிய திறமைசாலியாக இருந்தாலும் மைதானத்தில் இடம் கிடையாது. 1975-ல் பாஸ்டன் சட்டை போட்ட பையன் இன்று தாத்தா. அவனுக்குக் கிடைத்தது சில கோடைக்காலங்கள், அவ்வளவுதான். பட்டம் வராது என்று தெரிந்தே வெயிலில் நின்று ஆடிவிட்டு, அடுத்தவனிடம் கொடுத்துவிட்டுப் போனான். அப்படித் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்துக்கொண்டே வந்த குழுவுக்கு ஆமைப் படமா? டிரம் கோரில் இதைவிடப் பெரிய ரெக்கார்டு எது என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

என் மகள் மெல்லோஃபோன் என்ற ஊதுகருவி வாசிக்கிறாள். அவள் குழு எது என்று உங்களில் பலருக்குத் தெரியும், இங்கே எழுதவில்லை. பன்னிரண்டுக்குள் வராத குழு. போன கோடையில் அவர்கள் பயிற்சியைப் பார்க்கப் போயிருந்தேன். ஒரு பள்ளிக்கூட ஜிம் தரையில் காற்றடித்த மெத்தைகள் வரிசையாக, ஒவ்வொரு தலைமாட்டிலும் ஒரு சூட்கேஸ். காலையில் தார் சூடேறுவதற்குள் வெளியே போய்விட வேண்டும். அவள் தோளில் குறுக்காகக் கயிறு கட்டிய ஒரு சின்ன நோட்டு தொங்கியது. டாட் புக். ஒவ்வொரு பக்கத்திலும் அவள் நிற்க வேண்டிய இடம், மைதானத்தின் எந்த யார்டு கோட்டிலிருந்து எத்தனை காலடி, ஹேஷ் என்கிற எந்தச் சிறு கோட்டு வரிசையிலிருந்து எத்தனை காலடி என்று. ஐந்து யார்டுக்கு எட்டுக் காலடி வைக்க வேண்டும், அதுதான் அடிப்படை. வியர்வையில் பாதிப் பக்கங்கள் ஒட்டிப்போயிருந்தன, பென்சில் எழுத்து மங்கியிருந்தது. அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. கால் தானாகப் போய் நின்றது.

அந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டுதான் சனிக்கிழமை ஒருவர், "பல ஆயிரம் டாலர் கட்டிக் கடைசி இடத்துக்கு எதற்கு?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அவளுக்கு நன்றாகத் தமிழ் புரியும் என்று அவருக்குத் தெரியும்.

"விளையாட்டாகச் சொன்னார், நீ பெரிதாக எடுத்துக்கொண்டாய்" என்பவர்களுக்கு: உங்கள் பையன் ஸ்பெல்லிங் பீயில் இரண்டாவது சுற்றில் வெளியே வந்தபோது அவனைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. கட்டிப்பிடித்துப் பாராட்டினோம். நானும்தான் பாராட்டினேன். ஏன் இதற்கு மட்டும் வேறு நியாயம்? இது டாக்டர் சீட்டு வாங்கித் தராது என்பதாலா?

தோற்றவர்கள் கணக்கில் வர மாட்டார்கள் என்றால் ஸ்டார் ஆஃப் இண்டியானா என்ற குழுவை என்ன செய்வீர்கள்? 1985-ல் முதல் சீசனிலேயே இறுதிப் போட்டிக்கு வந்தார்கள், 1991-ல் ஜெயித்தார்கள். 1993-ல் கேடட்ஸிடம் பத்தில் ஒரு புள்ளியில் தோற்றார்கள், 97.4-க்கு 97.3. அந்த நிகழ்ச்சி அன்றைய ரசிகர்களில் பலருக்குப் பிடிக்கவே இல்லை. இன்று விவரம் தெரிந்தவர்கள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது தோற்ற அந்த நிகழ்ச்சியைத்தான். அதோடு போட்டியே வேண்டாம் என்று வெளியேறிய அதே கூட்டம் 'பிளாஸ்ட்' என்று மேடை நிகழ்ச்சி போட்டு, பிராட்வே வரை போய், 2001-ல் டோனி விருது வாங்கியது. அன்று ஜெயித்த கேடட்ஸ் பத்துப் பட்டம் எடுத்தவர்கள், 1934-ல் தொடங்கியவர்கள். 2024-ல் வழக்கும் பணநெருக்கடியுமாகக் குழுவையே மூடிவிட்டார்கள். சான்டா கிளாரா வேன்கார்டு 1972-லிருந்து 2022 வரை நடந்த எல்லா இறுதிப் போட்டிகளிலும் இருந்த ஒரே குழு. 2023-ல் பணமில்லாமல் ஒரு சீசன் உட்கார வேண்டி வந்தது. இதில் ஒன்றுகூட அந்த ஸ்லைடில் இல்லை.

மகள் இந்த வருடமும் ஆடிஷனுக்குப் போகிறாள், அதே குழுவுக்கு. பணம் கட்டிவிட்டேன். அது வீண் செலவு என்று நினைப்பவர்கள் என்னிடம் நேரில் வந்து சொல்லுங்கள், பேசுவோம். அவள் முன்னால் இனிமேல் யாரும் சொல்ல வேண்டாம்.