ஆள் இருக்கும் வீடு

சரி, எழுதிவிடுகிறேன். மூன்று நாளாக, நண்பர் ஒருவர் இணையத்தில் போட்ட ஒரு மாடிப் படத்தை உள்பெட்டியில் அனுப்பி, "இது உங்க வீடுதானே?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். ஆமாம், எங்கள் பழைய செட்டிநாட்டு வீடுதான். பின்பக்க மாடியில் இருக்கும் ஆறு சோலார் பேனல்களும் எங்களுடையவைதான். "செட்டிநாட்டில் இன்னொரு பாரம்பரியப் படுகொலை" என்று தலைப்புப் போட்டிருக்கிறார் அந்த நண்பர். பெயர் சொல்லப் போவதில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும். பார்க்காதவர்கள் நிம்மதியாக இருங்கள்.

அந்தப் படம் ட்ரோனில் எடுத்தது. முகப்புக்கு எதிரே நின்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தாலும் ஒரு பேனல்கூடக் கண்ணில் படாது. பின்தெருவில் நின்றால் தண்ணீர்த் தொட்டி தெரியும், அவ்வளவுதான். கீழே நின்றால் தெரியாததைப் பார்க்க ஆகாயத்துக்கு ஏறிவிட்டு, அங்கே போய் "கண்ணை உறுத்துகிறதே" என்று அழுதால் நான் என்ன செய்வது?

பேனல் இருப்பது வளவுக்கு, அதாவது முற்றத்தைச் சுற்றிய பகுதிக்கு, மேலே இல்லை. அங்கே நாட்டு ஓடு. ஓர் ஆள் தவறிக் கால் வைத்தாலே நொறுங்கும். இரண்டாங்கட்டுக்கும் (இரண்டாவது முற்றப் பகுதி) பின்னால், அடுப்படிக்கு மேலே, 1978-ல் ஐயா (என் தாத்தா) போட்ட கான்கிரீட் தளத்தில் இருக்கிறது. ஒரு துளைகூடப் போடவில்லை. கான்கிரீட் கட்டைகளை வைத்து அதன்மேல் சட்டத்தை நிறுத்தியிருக்கிறோம். நாளைக்கே வேண்டாம் என்றால் ஒரே நாளில் கழற்றி இறக்கிவிடலாம். "பாரம் தாங்குமா?" என்று கேட்டவர்களுக்கு: ஒரு பேனல் 28 கிலோ. ஆறும் சேர்ந்து 170 கிலோவுக்குள். சட்டம், கட்டை எல்லாம் சேர்த்தாலும் பக்கத்தில் நிற்கும் தொட்டியின் எடைக்கு வராது. அதில் ஆயிரம் லிட்டர் தண்ணீர் இருக்கிறது, அதாவது ஒரு டன். அதே படத்தில் கன்னங்கரேல் என்று நடுவில் நிற்கிறதே, அதை யாரும் படுகொலை என்று சொல்லவில்லை. டிஷ் ஆன்டெனாவையும் சொல்லவில்லை.

இது ஆள் இருக்கும் வீடு. அதுதான் பலருக்கு உறைக்கவில்லை என்று நினைக்கிறேன். அப்பச்சிக்கு (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) 81, ஆத்தாவுக்கு (அம்மா) 76. நான் மதுரையிலிருந்து சனிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறேன். கிணற்று மோட்டார், பிரிட்ஜ், அப்பச்சி படுக்கும் அறையில் ஒரு ஏசி. பேனல் போடுவதற்கு முன் இரண்டு மாதத்துக்கு 900 யூனிட், பில் 6,000 ரூபாய்க்குப் பக்கம் வந்தது. "முற்றம் வைத்துக் கட்டிய வீடு, இயற்கையாகவே குளுகுளு என்று இருக்குமே, ஏசி எதற்கு?" என்று ஓர் அம்மணி கேட்டிருந்தார். சித்திரையில் ஒரு வாரம் வந்து தங்குங்கள் அம்மா. தலைவாழை இலை போட்டுச் சாப்பாடு, ஏசி மட்டும் கிடையாது.

மூன்று கிலோவாட் போட்டோம். ஒரு நாளைக்குச் சராசரியாக 12 யூனிட் வருகிறது. மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய் கிடைத்தது. பணத்தைவிட ஆளைச் சேர்ப்பதுதான் பெரும்பாடு. வீடு ஏழு புள்ளிக்கு, அதாவது ஏழு குடும்பத்துக்கு, பொது. ஒரு பங்காளி மலேசியாவில் ஈப்போவில், ஒருவர் பெங்களூரில், இரண்டு பேர் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. மின் இணைப்போ இன்னும் ஐயா பெயரில். அவர் போய் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, ஆனால் கரண்ட் பில் மட்டும் அவருக்குத்தான் வந்துகொண்டிருந்தது. பெயர் மாற்ற ஏழு கையெழுத்து வாங்கி முடிப்பதற்குள் எட்டு மாதம் போயிற்று. அந்த எட்டு மாதத்தில் பாரம்பரியக் காவலர் ஒருவரும் வந்து, "ஓடு மாற்ற நான் நூறு ரூபாய் தருகிறேன்" என்று சொல்லவில்லை.

"யுனெஸ்கோ என்ன நினைக்கும்?" என்று ஒருவர். செட்டிநாடு 2014-லிருந்து அவர்களுடைய உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில்தான் இருக்கிறது. அவர்கள் நினைக்கிறபோது நினைக்கட்டும். கேம்பிரிட்ஜில் கிங்ஸ் காலேஜ் தேவாலயம், 500 வருடத்துக் கட்டடம். அதன் கூரையில் 2023-ல் 438 பேனல் வைத்தார்கள். அங்கேயும் எதிர்ப்பு வந்தது, ஆனாலும் வைத்தார்கள். எங்கள் அடுப்படித் தளத்தில் ஆறு வைத்ததற்கு இந்த ஒப்பாரி.

இன்னொரு வேடிக்கை. இந்த வீட்டில் உள்ளூர்ப் பொருள் என்று எதைக் காட்டுவீர்கள்? தேக்கு பர்மாவிலிருந்து வந்தது. கண்ணாடி பெல்ஜியம், சலவைக்கல் இத்தாலி. ஆத்தங்குடியில் கையால் செய்யும் தரைக்கல்லுக்கே வெளியிலிருந்து சிமெண்ட் வர வேண்டும். அந்தக் காலத்தில் எது புதிதோ, எது நல்லதோ, அதைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கினவர்கள் இந்த வீட்டைக் கட்டியவர்கள். அவர்கள் இறக்கியது பாரம்பரியம், நான் லாரியில் இறக்கினால் கொலை. ஐயாவின் அப்பா இன்றைக்கு இருந்திருந்தால் எனக்கு முன்னாலேயே போட்டிருப்பார். மூன்று கிலோவாட்டோடு நின்றிருக்கவும் மாட்டார்.

"நீங்கள் பின்னால் போட்டீர்கள், நாளைக்கு ஒருத்தன் முகப்பு ஓட்டின்மேல் போடுவானே?" இது நியாயமான கேள்வி. போட்டால் அசிங்கமாகத்தான் இருக்கும், ஓடும் போகும். அப்படி ஒருவர் போட்டால் சொல்லுங்கள், நானும் வந்து திட்டுகிறேன். இன்னும் யாரும் செய்யாததற்கு என்னை ஏன் திட்டுகிறீர்கள்?

உண்மையிலேயே கொலை பார்க்க வேண்டுமா? காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நடந்து பாருங்கள். தூண், நிலை, கதவு, பாட்டியின் எனாமல் தூக்கு, யாரோ ஒருவருடைய கல்யாணப் படம் எல்லாம் விலை போட்டு வைத்திருக்கும். அத்தனையும் ஆள் இல்லாமல் போன வீடுகளிலிருந்து வந்தவை. எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டைப் பிரித்தபோது தேக்குத் தூண்கள் லாரியில் ஏறியதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு ட்ரோன் வரவில்லை. அந்தத் தூணில் ஒன்று இப்போது எந்த ஊர் ஓட்டல் வரவேற்பறையில் நிற்கிறதோ, அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்து "ஆஹா, செட்டிநாடு" என்று எழுதுகிறவர்களும் இதே ஆட்கள்தான்.

நான் கோபத்தில் எழுதுகிறேன் என்று தெரிகிறது. கோபம் பேனலுக்காக இல்லை. அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பேனலுக்கு இந்தப் பக்கம் கொடியில் ஆத்தாவின் சேலை காய்கிறது. கொடிக்கு அடியில் பாயில் மோர் மிளகாய். வலது மூலையில் தூணோரம் தலையை மூடிக்கொண்டு ஓர் உருவம் மேலே பார்க்கிறது. அது ஆத்தா. ஏதோ பெரிய வண்டு சத்தம் போடுகிறது என்று பார்க்க வந்தார்களாம். அந்தப் படத்துக்குக் கீழே 140 பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறீர்கள். ஒருவர், "அந்தக் கிழவிதான் மெயின்டனன்ஸ் இஞ்சினியரா?" என்று கேட்டிருக்கிறார். எனக்குத் தெரிந்தவர்களும் அதை லைக் செய்திருக்கிறார்கள். பெயரெல்லாம் பார்த்தேன்.

ஆத்தா நேற்று போனில், "அந்த வண்டு இன்னும் வருமா, மிளகாயைக் கீழேயே காயப்போடட்டுமா?" என்று கேட்டார்கள்.

நண்பரே, படத்தை எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. பேனல் இருக்கட்டும், நன்றாகத் திட்டுங்கள். அந்த வலது மூலையை மட்டும் வெட்டிவிட்டுப் போடுங்கள்.